நுழைவுத் தேர்வும் பயிற்சி நூலும்



பட்டப்படிப்பை முடித்து மேற்படிப்பை நாடும் இளைஞர் முன்னே இக்காலத்தில் ஒரு வாயில் நிற்கின்றது. அதன் பெயர் நுழைவுத் தேர்வு. முதுகலை அறிவியல் பயில விரும்புவோர்க்கு 'ஜாம்' தேர்வு; மேலாண்மை பயில விரும்புவோர்க்கு 'கேட்' அல்லது 'டான்செட்'; கடல் கடந்து சென்று பயில விரும்புவோர்க்கு ஜி.ஆர்.இ. இவற்றுள் ஒவ்வொன்றிலும் கணிதம் ஏதேனும் ஒரு வடிவில் இடம் பெறுகின்றது. அந்தக் கணிதப் பகுதிக்கு ஆயத்தம் செய்வோர் எவ்வகைப் பயிற்சி நூல்களை நாட வேண்டும், எவற்றை ஒதுக்க வேண்டும், கைக்கு வந்த நூலை எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்பனவே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள்கள்.

நான் கொல்லிமலையில், தேவனூர் நாட்டில், கல்லூரி மாணவர் சிலர்க்கு மாலை வேளைகளில் கணிதம் சொல்லிக் கொடுத்து வருகின்றேன். 'நாடு' என்றதும் பெரும் பரப்பொன்றை எண்ணிவிட வேண்டா. கொல்லிமலையில் சிற்றூர்கள் பல சேர்ந்த ஒரு தொகுதியை 'நாடு' என்று வழங்குவது பழைய மரபு. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு, குண்டூர் நாடு என்பனபோலத் தேவனூர் நாடும் ஒன்று. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்தே பேருந்து மலைமீது ஏறுகின்றது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து, மிளகையும் காப்பியையும் பலாவையும் விற்று வாழும் குடும்பங்களின் பிள்ளைகளே என்னிடம் வருகின்றவர்கள். அவர்களுட் பலர் தத்தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள்.

நகரத்து மாணவன் ஒருவன் பொருந்தாத நூலொன்றை வாங்கிவிட்டால் அவனுக்கு நேரும் இழப்புச் சிறிது. மறுநாளே வேறொன்று வாங்கிக்கொள்வான். மலை மாணவனுக்கு அவ்வாறன்று. நூல் வாங்கும் பணமும் அரிது. மலையிறங்கிச் சென்று வரும் நாளும் அரிது. ஆதலின் 'எந்த நூல்?' என்னும் கேள்வி, இங்கே பொழுதுபோக்கான கேள்வியன்று. ஓர் ஆண்டின் உழைப்பு அதனைப் பொறுத்து நிற்கின்றது.

தேர்வுக்கென எழுந்த பயிற்சி நூல்களின் வரலாற்றில் நம் தமிழ்நாட்டுக்கு ஒரு தனி இடமுண்டு. அதனை முதலிற் சொல்லிவிடுகின்றேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 'டிரைபாஸ்' என்னும் கணிதத் தேர்வு பெரும்புகழ் பெற்று விளங்கிற்று. அதில் முதலாவதாகத் தேறியவரைச் 'சீனியர் ராங்ளர்' என்று போற்றினர். இந்தியர் ஒருவர் அச்சிறப்பை முதன்முதலாக எய்தியது 1899ஆம் ஆண்டில், அவர் ஆர். பி. பராஞ்சபே. அத்தேர்வில் வெற்றி பெறுவதற்கு விரைவும் நினைவாற்றலும் வேண்டியிருந்தன. ஆகவே பல்கலைக்கழக விரிவுரைகளைக் காட்டிலும் தனிப்பயிற்சி ஆசிரியர்களையே மாணவர்கள் மிகுதியும் நம்பினர். எட்வர்டு ரவுத் என்னும் ஆசிரியர் ஒருவரே இருபதுக்கும் மேற்பட்ட சீனியர் ராங்ளர்களை உருவாக்கினார். தரவரிசைப்படி பெயர்களை வெளியிடும் அந்த வழக்கம் 1909ஆம் ஆண்டோடு முடிவுற்றது.

அத்தகைய தனிப்பயிற்சி ஆசிரியருள் ஒருவர் ஜி. எஸ். கார் என்பவர். தம் மாணவர்க்குப் பயன்படும் வண்ணம் ஆயிரக்கணக்கான கணித முடிவுகளை வரிசையாகத் தொகுத்து, 1880ஆம் ஆண்டு முதலாக இரு பகுதிகளாக வெளியிட்டார். விளக்கங்கள் மிகச் சுருக்கம். பல இடங்களில் முடிவு மட்டுமே உண்டு. சுருங்கச் சொன்னால் அது தேர்வுக்குத் திருப்பிப் பார்ப்பதற்காக எழுந்த நூல். அந்நூலின் படி ஒன்று 1903ஆம் ஆண்டளவில் கும்பகோணத்தில் ஒரு பள்ளி மாணவரின் கைக்கு வந்தது. அவரே சீனிவாச இராமானுஜன். நூலில் நிறுவப்படாது விடப்பட்ட முடிவுகளை ஒவ்வொன்றாகத் தாமே நிறுவிப் பார்ப்பதை அவர் தொழிலாகக் கொண்டார். அதன்பின் விளைந்தவற்றை உலகம் அறியும்.

இதனைக் கேட்டதும், 'ஒரே ஒரு நூல் போதும். அதனை முற்றக் கற்றால் வெற்றி நிச்சயம்' என்று முடிவு கட்டிவிடுவோர் உண்டு. வரலாற்றின் மறுபாதியையும் அவர்கள் நோக்க வேண்டும். கணிதத்தில் அத்தனை ஆழ்ந்த இராமானுஜன், கல்லூரியில் மற்றப் பாடங்களிற் பின்தங்கி உதவித்தொகையை இழந்தார், எஃப்.ஏ. தேர்வில் அவர் தேறவேயில்லை. காரின் நூல் அவருள் உறங்கிய கணித மேதையை எழுப்பிற்று. ஆனால் அவர் எழுதவேண்டியிருந்த தேர்வுக்கு அவரை ஆயத்தப்படுத்தவில்லை. கேம்பிரிட்ஜுத் தேர்வுக்கென்று எழுந்த நூல், சென்னைப் பல்கலைக்கழகத் தேர்வுக்கு எங்ஙனம் உதவும்? இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றுண்டு. அறிவை வளர்க்கும் நூல் வேறு. குறிப்பிட்டதொரு தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் நூல் வேறு. இரண்டும் வேண்டியவையே. ஒன்றன் வேலையை மற்றொன்றிடம் ஒப்படைத்தல் ஆகாது.

இனி, தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம்.

முதலாவதாக அறியவேண்டியது தேர்வின் இயல்பு. கடைக்குச் சென்று நூல்களைப் புரட்டுவதற்கு முன்பே, தேர்வை நடத்துவோர் வெளியிட்டுள்ள பாடத்திட்டத்தையும் விதிகளையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். ஜி.ஆர்.இ. தேர்வை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் கார்னகி அறக்கட்டளையும் நான்கு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 1936ஆம் ஆண்டில் சோதனை முயற்சியாகத் தொடங்கிய இத்தேர்வை, 1947இல் நிறுவப்பட்ட இ.டி.எஸ். என்னும் அமைப்பு இப்போது நடத்தி வருகின்றது. 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் தேர்வைச் சுருக்கியபின், அதன் கணிதப் பகுதி இரு கூறுகளாக அமைந்துள்ளது. முதற் கூற்றில் 21 நிமிடங்களில் 12 வினாக்கள். இரண்டாம் கூற்றில் 26 நிமிடங்களில் 15 வினாக்கள். மொத்தம் 47 நிமிடங்களில் 27 வினாக்கள். எண் கணிதம், இயற்கணிதம், வடிவியல், புள்ளிவிவர ஆய்வு ஆகிய நான்கே பொருள்கள். முக்கோணவியலும் இல்லை, நுண்கணிதமும் இல்லை. திரையிலேயே ஒரு கணிப்பானும் தரப்படுகின்றது.

'ஜாம்' கணிதத் தேர்வோ முற்றிலும் வேறானது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் முதுகலை அறிவியல் பயில்வதற்கென 2004ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் இத்தேர்வில், 3 மணி நேரத்தில் 60 வினாக்களுக்கு விடை காண வேண்டும். மெய்யெண் பகுப்பாய்வு, வகைக்கெழுச் சமன்பாடுகள், நேரியல் இயற்கணிதம், குலக் கொள்கை எனப் பட்டப்படிப்பிற் பயின்ற கணிதமே இங்குக் கேட்கப்படுகின்றது. நுண்கணிதம் வராத தேர்வுக்கு நுண்கணித நூல் வாங்குவதும், குலக் கொள்கை வேண்டும் தேர்வுக்கு விழுக்காட்டுக் கணக்குகள் நிறைந்த நூல் வாங்குவதும் ஒரே வகைப் பேதைமையாகும். 'நுழைவுத் தேர்வுக் கணிதம்' என்று பொதுப்பட எழுதிய அட்டையைக் கண்டு மயங்கற்க. எந்தத் தேர்வு, எந்தப் பகுதி என்று சொல்லாத நூல் எதற்கும் முழுமையாக உதவாது.

இரண்டாவது, காலக் கணக்கு. 47 நிமிடங்களை 27 வினாக்களுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு ஏறக்குறைய 1 நிமிடம் 44 வினாடி கிடைக்கின்றது. 'ஜாம்' தேர்விலோ ஒன்றுக்கு 3 நிமிடம். முன்னதற்கு விரைந்து நோக்கிக் குறுக்கு வழி காணும் பழக்கம் வேண்டும். பின்னதற்குத் தேற்றங்களை நினைவிற்கொண்டு சில படிகள் நடந்து செல்லும் பழக்கம் வேண்டும். ஒரு பயிற்சி நூலின் வினாக்கள் பெரும்பாலும் 5 நிமிடம், 6 நிமிடம் என்று காலத்தை விழுங்குவனவாயின், அந்நூல் கடினமானது என்று பெருமை கொள்வதற்கில்லை. அது வேறொரு தேர்வுக்குரியது என்றே கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது, மதிப்பெண் விதி. ஜி.ஆர்.இ. தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஆதலின் எவ்வினாவையும் வெறுமையாக விடுதல் கூடாது. 'ஜாம்' தேர்வின் முதற்பகுதியில், நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் 1 மதிப்பெண் வினாவுக்குத் தவறான விடையளித்தால் 1/3 மதிப்பெண் குறைக்கப்படும். இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்றும் தெரியாமல் ஏதோ ஒன்றைக் குறிப்பவன் நான்கு முறைக்கு ஒரு முறை 1 மதிப்பெண் பெறுவான். மூன்று முறை 1/3 வீதம் 1 மதிப்பெண் இழப்பான். வரவும் செலவும் சரி, மிச்சம் ஒன்றுமில்லை. ஆனால் நான்கு விடைகளுள் ஒன்று நிச்சயமாகத் தவறு என்று அவன் கண்டு விலக்கிவிட்டால், எஞ்சிய மூன்றனுள் ஒன்றைக் குறிக்கும்போது சராசரியாக 1/3 வரவு, 2/9 செலவு, மிச்சம் 1/9. ஆகவே, முழு விடை தெரியாவிடினும் தவறான விடையை விலக்கத் தெரிந்திருப்பது ஊதியம் தரும் திறமையாகும். இத்திறமையை வளர்க்காது, இறுதி விடையை மட்டும் அச்சிட்டு நிற்கும் நூல் குறையுடைய நூலே.

நான்காவது, வினாக்களை ஆக்கியவர் யார் என்பது. ஜி.ஆர்.இ. போன்ற தேர்வை நடத்தும் நிறுவனத்தார், ஒரு வினாவை எழுதியவுடன் அதனை அப்படியே தாளில் ஏற்றிவிடுவதில்லை. அதனை முன்னரே பலரிடம் கொடுத்து, எத்தனை பேர் விடை கண்டனர், எவ்விடத்தில் மயங்கினர் என்று ஆய்ந்து, கடினத்தின் அளவை உறுதி செய்துகொள்கின்றனர். ஜி.ஆர்.இ. தேர்வில் முதற் கூற்றை மாணவர் எவ்வளவு நன்றாகச் செய்கின்றார் என்பதைப் பொறுத்தே இரண்டாம் கூற்றின் கடினம் அமைகின்றது. இத்தகைய நுட்பமான அளவைத் தனியார் நூலாசிரியர்கள் முற்றும் பின்பற்றுதல் அரிது. ஆதலால் தேர்வு நடத்துவோரே வெளியிடும் வினாக்களுக்கு ஈடு வேறில்லை. நல்லூழாக, அவற்றுட் பல விலையின்றியே கிடைக்கின்றன. இ.டி.எஸ். நிறுவனத்தார் 'பவர்பிரெப்' என்னும் பெயரில் இரண்டு முழு மாதிரித் தேர்வுகளையும், தேர்வுக்கு வேண்டிய கணிதம் முழுமையும் அடங்கிய திரட்டு ஒன்றையும் இணையத்தில் இலவசமாக வைத்துள்ளனர். 'ஜாம்' தேர்வின் முந்தைய ஆண்டு வினாத்தாள்களும் அவ்வாறே கிடைக்கின்றன.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. அரிய வினாக்கள் கிடைத்தன என்ற மகிழ்ச்சியில் முதல் வாரத்திலேயே அவற்றை எல்லாம் தீர்த்துவிடுவோர் உளர். எங்கள் மலையில் விதைச் சாமையைத் தனியே கட்டி வைப்பர். வீட்டிற் சோற்றுக்குத் தட்டுப்பாடு வந்தாலும் அந்த மூட்டையை அவிழ்ப்பதில்லை. அவிழ்த்தால் அடுத்த பருவத்திற்கு விளைச்சல் இல்லை. தேர்வு நடத்துவோர் தந்த மாதிரித் தேர்வுகளும் விதை போல்வன. ஒருமுறை விடை கண்ட வினா, மறுமுறை நம்மை அளந்து காட்டாது. நினைவே விடை சொல்லிவிடும். இரண்டு மாதிரித் தேர்வுகள் உள்ளன என்றால், ஒன்றைத் தொடக்கத்தில் நம் நிலையை அறிவதற்கும், மற்றொன்றைத் தேர்வு நாளுக்கு இரண்டு வாரம் முன்னர் இறுதியாக அளப்பதற்கும் வைத்துக்கொள்ளல் நன்று. இடைப்பட்ட காலத்திற்குரிய அன்றாட உணவுதான் மற்றப் பயிற்சி நூல்கள்.

அந்த மற்ற நூல்களை மதிப்பிடுவது எவ்வாறு? கடையில் நின்றபடியே செய்யத்தக்க சோதனை ஒன்றைச் சொல்லுகின்றேன். வினாக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டா. விடை விளக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒரு வினாவை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஒரு பேருந்து அடிவாரத்திலிருந்து மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மலையேறி, அதே வழியாக மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகின்றது. முதல் அளவு, முழுப் பயணத்தின் சராசரி வேகம்; இரண்டாம் அளவு, மணிக்கு 25 கிலோமீட்டர். இவற்றுள் எது பெரிது? முதலாவதா, இரண்டாவதா, இரண்டும் சமமா, அல்லது தந்த செய்தியைக் கொண்டு முடிவு செய்ய இயலாதா? ஜி.ஆர்.இ. தேர்வில் இவ்வாறு இரண்டு அளவுகளை ஒப்பிடும் வினாக்கள் ஒரு தனி வகையாகவே வருகின்றன.

இருபதையும் முப்பதையும் கூட்டி இரண்டால் வகுப்பவன் 'சமம்' என்பான். தொலைவு தரப்படவில்லையே என்று தயங்குபவன் 'முடிவு செய்ய இயலாது' என்பான். இரண்டும் தவறு. தொலைவு 60 கிலோமீட்டர் என்று கொள்வோமாயின், ஏற 3 மணி, இறங்க 2 மணி, 120 கிலோமீட்டருக்கு 5 மணி, சராசரி 24. தொலைவு எதுவாயினும் இதே 24தான் வரும். ஏனெனில் தொலைவு இருமடங்கானால் காலமும் இருமடங்காகின்றது. ஆகவே இரண்டாம் அளவே பெரிது. மெதுவாகச் செல்லும் நேரம் மிகுதியாதலால், சராசரியும் மெதுவான வேகத்தின் பக்கமே சாய்கின்றது என்பதை உணர்ந்தவனுக்கு இந்தக் கணக்குக்கூட வேண்டுவதில்லை.

நல்ல பயிற்சி நூல் இவ்வளவையும் சொல்லும். 24 என்னும் விடையோடு நில்லாது, 'சமம்' என்றவன் எங்கே வழுக்கினான், 'இயலாது' என்றவன் எதனை மறந்தான், கணக்கிடாமலே விடையை உணரும் வழி யாது என்னும் மூன்றையும் விளக்கும். தரம் குறைந்த நூலோ ஒரு சூத்திரத்தை எழுதி, எண்களை அதில் இட்டு, விடையைக் கூறி, அடுத்த வினாவுக்குத் தாவிவிடும். சூத்திரம் மாறினால் அந்நூலைப் படித்தவன் திகைத்து நிற்பான். எனவே பத்து விளக்கங்களைப் படித்துப் பாருங்கள். தவறான விடைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத நூலைத் திரும்ப வைத்துவிடுங்கள். ஐயாயிரம் வினாக்கள் கொண்ட அத்தகைய நூலினும், முந்நூறு வினாக்களைச் செவ்வையாக விளக்கும் நூல் சிறந்தது.

இனி, நூலைத் தேர்ந்தெடுப்பதினும் முதன்மையான ஒன்றுண்டு. அது நம் குறையை நாமே அறிந்துகொள்ளுதல். நோய் இன்னதென்று அறியாமல் மருந்து வாங்குவாருண்டோ? என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி, மிளகு விற்ற பணத்தில் பதினொரு நூல்கள் கொண்ட கட்டு ஒன்றைத் தன் தந்தை வாங்கிக் கொடுத்ததாகக் கொண்டுவந்து காட்டினாள். மூன்று மாதம் அவற்றை வரிசையாகப் படித்தும் அவளுடைய மதிப்பெண் உயரவில்லை. 'கணிதம் எனக்கு வாராது போலும்' என்று சோர்ந்திருந்தாள். அவள் தவறவிட்ட நாற்பது வினாக்களை எடுத்து, இருவருமாக அமர்ந்து, ஒவ்வொன்றும் எதனால் தவறிற்று என்று எழுதினோம். அறியாமையால் தவறியவை ஐந்தே. கணக்கிடும்போது வழுவியவை எட்டு. காலம் போதாமையால் விட்டவை ஆறு. எஞ்சிய இருபத்தொன்றும் வினாவின் ஆங்கிலத்தைப் பிறழ உணர்ந்ததால் தவறியவை!

அவளுக்கு வேண்டியிருந்தது பன்னிரண்டாவது கணித நூலன்று. தமிழ் வழியிற் பயின்ற அவளுக்குப் பகா எண் தெரியும். அதனைப் 'பிரைம்' என்று கேட்டால் ஒரு கணம் தயங்கினாள். இடைநிலை அளவு தெரியும். 'மீடியன்' என்ற சொல் அவளை நிறுத்திற்று. 'பாசிட்டிவ் இன்டிஜர்' என்றால் பூச்சியம் சேராது. 'நான்-நெகட்டிவ் இன்டிஜர்' என்றால் பூச்சியமும் சேரும். இந்த ஒரு வேறுபாடே பல வினாக்களின் விடையை மாற்றிவிடும். 'அட் லீஸ்ட்' என்பது குறைந்த அளவைக் குறிப்பது. 'அட் மோஸ்ட்' என்பது மிகுந்த அளவைக் குறிப்பது. 'இன்குளூசிவ்' என்றால் இரு முனைகளையும் சேர்த்து எண்ண வேண்டும். இவை போன்ற ஏறக்குறைய நூற்றைம்பது சொற்களை ஒரு குறிப்பேட்டில் தமிழோடு இணைத்து எழுதினாள். பதினொரு நூல்களுள் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தோழியர்க்குக் கொடுத்துவிட்டாள். ஆறு வாரத்திற்குப் பின் எழுதிய மாதிரித் தேர்வில், பிறழ உணர்ந்து தவறவிட்டவை மூன்றாகக் குறைந்தன.

ஆதலின் பிழைகளை நான்கு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கருத்தே தெரியாமல் தவறினால் உங்களுக்கு வேண்டியது பயிற்சி நூலன்று, பாடநூல். ஜி.ஆர்.இ. போன்ற தேர்வுக்கு ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள தமிழ்நாட்டு அரசுப் பாடநூல்கள் பெரும்பகுதிக்குப் போதுமானவை. அவை இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன. கணக்கிடுவதில் வழுவினால், கடினமான வினாக்களை விடுத்து எளிய வினாக்களை நாள்தோறும் இருபது செய்க. காலம் போதாவிடின், கடிகாரத்தை முன்வைத்துச் சிறு சிறு தொகுதிகளாகச் செய்க. வினாவைப் பிறழ உணர்ந்தால், விடை காணாமலே வினாக்களை மட்டும் படித்து, 'கேட்கப்படுவது யாது?' என்று தமிழில் ஒரு வரி எழுதிப் பழகுக. ஒவ்வொரு குறைக்கும் ஒவ்வொரு மருந்து. எல்லாக் குறைக்கும் ஒரே நூல் என்பது இல்லை.

பழைய நூல்களைப் பற்றியும் ஒரு சொல். பழம்புத்தகக் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் நூல்களை அடியோடு வெறுக்க வேண்டா. ஆனால் பதிப்பு ஆண்டைப் பார்த்து வாங்குக. ஜி.ஆர்.இ. தேர்வு 2011ஆம் ஆண்டில் பெரிதும் திருத்தப்பட்டது. அதற்கு முந்திய நூல்களின் அமைப்பும் மதிப்பெண் முறையும் இன்றைக்கு ஒவ்வா. 2011க்கும் 2023க்கும் இடைப்பட்ட நூல்களோ பெரும்பாலும் பயன்படும். அக்காலத்தில் கணிதத்தில் 35 நிமிடத்திற்கு 20 வினாக்களாக இரண்டு கூறுகள் இருந்தன. ஒரு வினாவுக்கு 105 வினாடி. இன்றைய கணக்கும் ஏறத்தாழ அதுவே. தேர்வின் நீளம் குறைந்ததேயன்றி நடையின் வேகம் மாறவில்லை. எனவே அந்நூல்களின் வினாக்களையும் காலப் பயிற்சியையும் தயங்காது கொள்ளலாம். முழு மாதிரித் தேர்வுகளை மட்டும் இன்றைய அளவுக்குச் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

பணத்தைச் செலவிடும் முன் இன்னொன்றையும் உறுதி செய்துகொள்ளுங்கள்: நீங்கள் விரும்பும் கல்விக்கு அந்தத் தேர்வு தேவைதானா? 2020ஆம் ஆண்டுக்குப் பின் அமெரிக்கப் பல்கலைக்கழகத் துறைகள் பல, ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணைக் கட்டாயம் என்னும் நிலையிலிருந்து நீக்கியுள்ளன. இந்தியாவில் அத்தேர்வு எழுதுவதற்கு இருபதாயிரம் ரூபாய்க்கும் மேலாகக் கட்டணம் செலுத்த வேண்டும். ஒரு மலைக் குடும்பத்துக்கு அது ஒரு பருவத்து விளைச்சலுக்கு ஈடாகலாம். 'ஜாம்' தேர்விலோ பழங்குடி மாணவர்க்கும் பெண்களுக்கும் கட்டணம் குறைவு. சேர விரும்பும் துறையின் அறிவிப்பை முதலிற் படியுங்கள். பின்னர்த் தேர்வைத் தெரிந்துகொள்ளுங்கள். அதன் பின்னரே நூல். பலர் இவ்வரிசையைத் தலைகீழாக்கி, நூலை முதலில் வாங்கி, தேர்வைப் பின்னர்த் தேடுகின்றனர்.

இணையத்தில் உள்ளவற்றைப் பயன்படுத்துவதிலும் மலை மாணவர்க்குத் திட்டம் வேண்டும். மழைக்காலத்தில் மின்சாரமும் இணைப்பும் அறுபடும் நாட்கள் உண்டு. மாதிரித் தேர்வு நடுவில் நின்றுபோனால் அந்த விதை வீணாகும். எனவே அச்சிடத்தக்க வினாத்தாள்களையும் கணிதத் திரட்டையும் இணைப்பு நன்றாக உள்ள நாளில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். முழு மாதிரித் தேர்வு எழுதும் நாளில் மட்டும் கல்லூரியிலோ மலையடிவாரத்து ஊர்களிலோ உள்ள நல்ல கணினி ஒன்றை நாடுங்கள். கைப்பேசித் திரையில் எழுதும் தேர்வு உண்மை நிலையைக் காட்டாது. வரைபடங்களும் அட்டவணைகளும் அதிற் சுருங்கிவிடும். கணிப்பானைக் கையாளும் பழக்கமும் வாராது. நூல்களைப் பொறுத்தவரை, நாமக்கல்லில் உள்ள மாவட்ட மைய நூலகம் போன்றவற்றில் முதலிற் படித்துப் பார்த்து, ஒரு வாரம் பயன்படுத்தியபின், வேண்டுமென்று தோன்றுவதை மட்டும் வாங்குதல் அறிவுடைமை. நான்கு நண்பர்கள் சேர்ந்து ஆளுக்கொரு நூல் வாங்கி மாற்றிக்கொள்வதும் நன்றே. விடைகளை நூலிற் குறிக்காது தனித்தாளில் எழுதும் ஒழுங்கு மட்டும் அவர்களிடம் இருத்தல் வேண்டும்.

முடிவாக, நான் சொன்னவற்றைத் தொகுத்துக் கூறுகின்றேன். தேர்வின் பாடத்திட்டம், காலம், மதிப்பெண் விதி ஆகிய மூன்றையும் முதலில் எழுதிக்கொள்க. தேர்வு நடத்துவோர் தந்த வினாக்களைத் தலைமையாகக் கொண்டு, அவற்றைச் சிக்கனமாகச் செலவிடுக. கருத்துக்கு ஒரு பாடநூல், பயிற்சிக்கு விளக்கம் நிறைந்த ஒரு நூல், அளந்து பார்க்க உரிய மாதிரித் தேர்வுகள் ஆகிய மூன்றுக்கு மேல் வேண்டுவதில்லை. பிழைக் குறிப்பேடு ஒன்றை நாள்தோறும் எழுதுக. அக்குறிப்பேடே நீங்கள் வைத்திருக்கும் நூல்களுள் தலைசிறந்தது. அதனை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. உங்களுக்காக வேறொருவர் எழுதவும் முடியாது.

நூறாண்டுக்கு முன் கும்பகோணத்து மாணவர் ஒருவர்க்குக் கிட்டியது, பிற நாட்டுத் தேர்வொன்றுக்காக எழுந்த ஒரே ஒரு நூல். இன்று தேவனூர் நாட்டு மாணவர்க்கு உலகின் வினாத்தாள்கள் எல்லாம் எட்டும் தொலைவில் உள்ளன. முன்பு இன்மை இடர் செய்தது. இன்று மிகுதி இடர் செய்கின்றது. மிகுதியினின்றும் வேண்டியதைத் தெரிந்தெடுக்கும் அறிவே இக்காலத்து மாணவர்க்குரிய முதற் கணக்கு. அதனைச் செம்மையாகப் போட்டவர்க்கு மற்றக் கணக்குகள் எளியவாகும். உங்கள் முயற்சி வெல்க!